சாம்பார், துரு, வாழைக்கறை: எதை முதலில் எடுப்பது?

கேள்வி: கல்யாணப் பந்தியில் என் கணவரின் வெள்ளைப் பருத்தி வேட்டியில் சாம்பார் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. பயந்துபோய் பிளீச்சிங் திரவம் ஊற்றினேன். மஞ்சள் கொஞ்சம் வெளிறியது. ஆனால் கொடிக்கம்பி பட்டு ஏற்கெனவே இருந்த பழுப்புப் புள்ளிகள் முன்பைவிடத் தூக்கலாகத் தெரிகின்றன. ஒரு ஓரத்தில் வாழைக்கறையும் இருக்கிறது. வீடியோவில் பார்த்து எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்து தேய்த்தேன், பலனில்லை. இந்த வேட்டியைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். சாம்பாரும் துருவும் போய்விடும். வாழைக்கறை மட்டும் பிடிவாதம் பிடிக்கும். ஒரே துணியில் மூன்று விதமான கறைகள் இருப்பதால், எதைப் போடுகிறோம் என்பதைவிட எந்த வரிசையில் போடுகிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். முதலில் எண்ணெய், அடுத்தது இரும்பு, கடைசியில் நிறம். இந்த வரிசை மாறினால் துணியே ஓட்டையாகலாம். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பிளீச்சிங் திரவம் ஊற்றிய துணியை முழுதாக அலசாமல் எலுமிச்சையோ வினிகரோ போடக் கூடாது. குளோரின் பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வரும். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு துவைப்பவர்களுக்கு இது உண்மையான ஆபத்து. கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சையும் ஒரே இடத்தில் புழங்குவதும் இதே ஆபத்துதான். எனவே வேட்டியில் பிளீச் வாடை துளியும் இல்லாமல் போகும்வரை நான்கைந்து தண்ணீரில் அலசிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

எலுமிச்சையையும் சமையல் சோடாவையும் கலக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒன்று அமிலம், மற்றது காரம். சேர்ந்ததும் பொங்கி நுரைப்பது வெறும் கரியமில வாயு. நுரை அடங்கியதும் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். தனியாகப் போட்டிருந்தால் அந்த எலுமிச்சைச் சாறு துருவையாவது எடுத்திருக்கும்.

இனி சாம்பார். சோப்புப் பட்டதும் சிவந்ததே, அது கறை முற்றியதற்கான அடையாளம் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். சலவைச் சோப்பு காரத்தன்மை உள்ளது. நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகிவிடும். குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தாளித்த எண்ணெய்தான் அதை நூலுக்குள் இழுத்துப்போய் உட்கார வைக்கிறது. எண்ணெயை எடுக்காமல் எவ்வளவு பிளீச் ஊற்றினாலும் முழுதாக உள்ளே இறங்காது. உங்கள் வேட்டியில் மஞ்சள் பாதி வெளிறி நின்றதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கஞ்சி போட்ட வேட்டி என்றால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கஞ்சியை இறக்குங்கள். பிறகு நனைந்த துணியின் கறைமேல் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி விட்டு, இரண்டு கட்டைவிரல்களாலும் பிசைந்துகொடுங்கள். பிரஷ் வேண்டாம், இழை பிரிந்து அந்த இடம் மட்டும் பஞ்சு பஞ்சாகத் தெரியும். 15 நிமிடம் விட்டு, துணியைத் திருப்பி, கறையின் பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் விழும்படி அலசுங்கள். முன்பக்கம் தண்ணீர் அடித்தால் கறை உள்ளே போகும், பின்பக்கம் அடித்தால் வெளியே வரும். ஈரத்தில் தடவிப் பார்க்கும்போது வழவழப்பு இருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள்.

எண்ணெய் போனபின் ஈரத்தோடு நல்ல வெயிலில் கறை மேலே தெரியும்படி விரித்துப் போடுங்கள். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. வெயில் பட்டால் சிதைந்து நிறமிழந்துவிடும். காயக் காயத் தண்ணீர் தெளித்து ஒன்றிரண்டு நாள் இப்படிச் செய்தால், பல நேரம் வேறு மருந்தே தேவைப்படாது. மஞ்சள் கறைக்கு இதைவிட மலிவான, துணியைக் கெடுக்காத வழி கிடையாது.

இரண்டாவது, துரு. இரும்புக் கம்பிக் கொடி, பீரோவின் உள்தகடு, துணிக்குள் விட்ட ஊக்கு, போர்வெல் தண்ணீர் எல்லாம் விடுவது ஒரே கறை, இரும்பு ஆக்சைடு. குளோரின் பிளீச் இதை அசைக்காது. துணியில் கரைந்த நிலையில் இருக்கும் இரும்பையும் அது துருவாக மாற்றிப் படியவைக்கும். சுற்றியுள்ள துணியை வெளுத்து, புள்ளியை எடுப்பாகவும் காட்டும். துருவைக் கரைக்க அமிலம் வேண்டும்.

சின்னப் புள்ளி என்றால் எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் தூள் உப்பும் போதும். புள்ளி முழுகும்படி விட்டு, வெயிலில் ஒரு மணி நேரம் ஈரம் காயாமல் வைத்து அலசுங்கள். பழைய துருவுக்கு, மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் நல்லது. 200 மில்லி சூடான தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி கரைத்து, கறை உள்ள பகுதியை மட்டும் அரை மணி நேரம் முக்கிவையுங்கள். தண்ணீர் லேசாக மஞ்சளித்தால் இரும்பு இறங்குகிறது என்று பொருள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கலாம். எவர்சில்வர் கிண்ணத்தைவிட பீங்கானோ பிளாஸ்டிக்கோ நல்லது.

அதற்கும் மசியாவிட்டால் ஆக்சாலிக் அமிலம். கால் லிட்டர் வெந்நீருக்கு ஒரு தட்டையான தேக்கரண்டி. இது நஞ்சு, ரப்பர் கையுறை கட்டாயம், சமையலறைப் பாத்திரங்களைத் தொடவே கூடாது, மிச்சத்தைக் குழந்தைகள் எடுக்கும்படி வைக்கக் கூடாது. 10 நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல், குறைந்தது மூன்று தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டு மறுபடி அலசுங்கள். எந்த அமிலமும் துணியில் மிச்சம் இருந்து அதன்மேல் சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் பருத்தி நூல் நைந்துபோகும். சில வாரம் கழித்து அந்த இடம் மட்டும் தானாகக் கிழியும்.

துருவை எடுத்த பிறகே ஆக்சிஜன் பிளீச். வரிசை மாறினால் ஓட்டை விழும் என்றது இதற்காகத்தான். ஆக்சிஜன் பிளீச் தண்ணீரில் கரைந்ததும் வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு இரும்பைத் தொட்டால் அந்த இடத்தில் மட்டும் கட்டுக்கடங்காத வேகத்தில் சிதையும். அந்த வேகத்தில் பருத்தி இழையையும் அரித்துவிடும். துருப் புள்ளி இருந்த இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் வருவது இப்படித்தான்.

ஆக்சிஜன் பிளீச் என்பது சோடியம் பெர்கார்பனேட். வானிஷ் போன்ற கறை நீக்கித் தூள்களில் வெளுக்கும் வேலையைச் செய்வது இதுதான். 4 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போடலாம். தண்ணீர் 40 முதல் 50 டிகிரி இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் மந்தமாகவே வேலை செய்யும். வெப்பமானி இல்லையென்றால் கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் கணக்கு சரியாக வரும். போர்வெல் தண்ணீரை இரவு வாளியில் பிடித்துவைத்துக் காலையில் பாருங்கள். மஞ்சளித்திருந்தால் இரும்பு அதிகம். ஊறவைக்க மட்டும் குடிநீரைப் பயன்படுத்துங்கள். வேட்டியின் சரிகைக் கரையைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வாளிக்கு வெளியே தொங்கவிடுங்கள்; இந்தக் கரைசல் சரிகையைக் கறுக்கவைக்கலாம். தூளையோ கரைசலையோ இறுக மூடிய பாட்டிலில் அடைத்துவைக்கவும் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கலாம். ஊறும்போது மிச்சமுள்ள மஞ்சள் மறுபடி சிவந்தால் பதறாதீர்கள். இதுவும் காரக் கரைசல்தான். ஆறு மணி நேரத்துக்குள் அதன் வீரியம் தீர்ந்துவிடும். அதற்குமேல் ஊறவைத்துப் பயனில்லை, புதிதாகக் கரைக்க வேண்டும்.

வாழைக்கறைக்கு வருவோம். வாழைச்சாறு சிந்தும்போது நிறமே தெரியாது. அதிலுள்ள பாலிபீனால்கள் காற்றுப் பட்டுச் சில மணி நேரத்தில் பழுப்பாகி, நூலோடு பிணைந்துகொள்ளும். கம்பியோ இரும்புச்சத்துள்ள தண்ணீரோ பட்டால் கருப்பாகும். ஆகவே காயும் முன் நிறைய தண்ணீரில் அலசி, எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவினால் பழுப்பாகும் வேகம் குறையும். அந்த முதல் அரை மணி நேரம் தவறினால் பிறகு நாள்கணக்கில் போராட்டம். உங்கள் வேட்டியில் பழைய கறை என்பதால், மேலே சொன்ன ஆக்சாலிக் கரைசலை இந்த இடத்திலும் 10 நிமிடம் போடுங்கள். இரும்போடு சேர்ந்த கருமை கரைந்து பழுப்பு மட்டும் மிஞ்சும். நன்றாக அலசி, ஆக்சிஜன் பிளீச்சில் இரண்டு மூன்று முறை ஊறவையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு படி வெளிறினால் தொடரலாம்.

வெளிறுவது நின்றுவிட்டால், வெள்ளைப் பருத்திக்கு மட்டும் கடைசி ஆயுதமாகக் குளோரின் பிளீச். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, 10 நிமிடம், அவ்வளவே. அமிலம் போட்ட சுவடே இல்லாமல் அலசிய பிறகுதான் இதைத் தொட வேண்டும். நேரடியாகத் துணிமேல் ஊற்றினால் அந்த வட்டம் மட்டும் பலவீனமாகிவிடும்.

எல்லாக் கறையும் போகும்வரை கஞ்சி, இஸ்திரி இரண்டும் வேண்டாம். ஈரத்தில் கறை மறைந்ததுபோலத் தெரியும். நிழலில் உலர்த்திப் பகல் வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். சூடு பட்ட கறை நூலில் இறுகிவிடும்.

வண்ணத் துணியில் வாழைக்கறை என்றால் நாங்கள் முழுத் தீர்வு தர மாட்டோம். கறை போகும் முன் சாயம் போய்விடும். ஆக்சிஜன் பிளீச்சை உள்மடிப்பில் ஐந்து நிமிடம் சோதித்து, சாயம் நின்றால் முயலலாம். பட்டில் இவை எதையும் செய்யாதீர்கள். குளோரின் பட்டு இழையைக் கரைத்தே விடும்; காரமும் அதற்கு ஆகாது. டால்கம் பவுடர் தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டு, உதறி, உலர்சலவைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது என்ன கறை, நீங்கள் ஏற்கெனவே என்ன போட்டீர்கள் என்பதைச் சீட்டில் எழுதிப் புடவையோடு சேர்த்துக் குத்திக் கொடுங்கள். ஊக்கு பித்தளையாக இருக்கட்டும்.