கட்டிலுக்கடியில் 69 டின்: ஸ்டாக்கைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். கணவர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார். எங்கள் தெருவில் உள்ள ஒரு அக்கா மூலம், சத்துபானப் பவுடர் விற்கும் நேரடி விற்பனைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். சேருவதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் “கையில் ஸ்டாக் இல்லாவிட்டால் யார் ஆர்டர் கொடுப்பார்கள்? முதல் மாதமே ரேங்க் வந்துவிடும்” என்று சொல்லி 75 டின் எடுக்க வைத்தார். மொத்தம் 48,000 ரூபாய். வளையலை அடகு வைத்துக் கட்டினேன். 45 டின் கம்பெனிப் பெட்டியில் பில்லோடு வந்தது. மீதி 30 டின்னை அக்காவே தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு பில் இல்லை, ஜிபே-யில் பணம் அனுப்பினேன். 19 நாளில் 4 டின்தான் விற்றது, 2 டின்னை வீட்டுக்கு உடைத்தோம். இந்த ஆறும் கம்பெனிப் பெட்டியில் இருந்தவை. மாதக் கடைசிக்குள் இன்னும் 15,000 ரூபாய்க்கு எடுத்தால்தான் ரேங்க் நிற்கும் என்கிறார். எடுக்கலாமா? பழையதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று பயமாக இருக்கிறது.

பதில்: அந்த 15,000 ரூபாய் ஆர்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எடுக்காதீர்கள். ஒரு டின்கூட வேண்டாம். ரேங்க் போனால் போகட்டும், அதனால் உங்கள் வளையல் திரும்பி வரப்போவதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு டின் உங்களுக்கு 640 ரூபாய்க்கு வந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய பில்லில் அதிகபட்ச விலை 800 என்று இருக்கிறது. வாங்குபவர் பேரம் பேசாமல் முழு விலை கொடுத்தால் டின்னுக்கு 160 ரூபாய் உங்களுக்கு. நகைக்கடனுக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டால்கூட 48,000 ரூபாய்க்கு 480 ஆகிறது. மூன்று டின் லாபம் வட்டிக்கே சரி. 19 நாளில் விற்றது நாலு. தினக்கூலி வீடுகள் இருக்கும் ஒரு தெருவில் 800 ரூபாய் பவுடரை மாதாமாதம் வாங்க எத்தனை குடும்பத்தால் முடியும் என்று உங்களுக்கே தெரியும். சேரும் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு யாரும் நேரம் தரவில்லை.

அக்காவைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பணம் கட்டிய அன்றே அந்த 45 டின்னுக்கான பாயிண்ட் (கமிஷனும் ரேங்கும் இதை வைத்துத்தான்) அவர் கணக்கில் ஏறிவிட்டது. டின் உங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தாலும் சரி, எண்ணூர் கடலில் போய் விழுந்தாலும் சரி, அந்தப் பாயிண்ட் குறையாது. கம்பெனிக்கும் விற்பனை முடிந்துவிட்டது. அவர்கள் கணக்கில் கடைசி வாடிக்கையாளர் நீங்கள்தான். புதிதாகச் சேருபவர் தலையில் ஸ்டாக்கைக் கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அமெரிக்காவில் 1979-இல் ஆம்வே மீதான வழக்கில், அது ஆள் சேர்ப்பதிலேயே பணம் புரளும் சட்டவிரோதமான பிரமிடு திட்டம் அல்ல என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் முடிவு செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விதி. இன்னொன்று, வாங்கியதில் 70 சதவீதத்தை விற்ற பிறகே அடுத்த ஆர்டர் என்ற விதி. உங்களிடம் கேட்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

சரி, நம் ஊர்ச் சட்டம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2016-இல் நேரடி விற்பனைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. நியாயமான காலத்துக்குள் விற்கக்கூடிய அளவுக்கு மேல் சரக்கு வாங்கும்படி கட்டாயப்படுத்தவோ தூண்டவோ கூடாது, விற்கும் நிலையில் உள்ள சரக்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிறகு 2021 டிசம்பரில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனை விதிகளே வந்துவிட்டன. கம்பெனி உங்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், அது நியாயமாக இருக்க வேண்டும், குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், புகார் வந்தால் 48 வேலை மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், சாதாரணமாக ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். தன் விற்பனையாளர் செய்த விற்பனையால் வரும் குறைகளுக்கும் கம்பெனிதான் பொறுப்பு. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

காகிதத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது. கண்காணிக்கும் வேலையை மாநிலங்களிடம் விட்டார்கள். வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பிடித்து “பிளான்” காட்டுகிறார்களே, அங்கே ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்து நான் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. தெரியாதவரை கம்பெனிகளுக்கு வசதி.

கையெழுத்துப் போட்டதற்காகப் பயப்பட வேண்டாம் அம்மா. அந்தக் கையெழுத்து இருக்கும் ஒப்பந்தத்தில்தான் நீங்கள் வெளியே வரும் வழியும் இருக்கிறது. ‘கூலிங் ஆஃப்’ என்று ஒரு பகுதி இருக்கும். அபராதம் எதுவும் இல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்ய உங்களுக்குத் தரப்பட்ட நாட்கள் அவை. பல கம்பெனிகளில் 30 நாள். உங்களுக்கு 19 நாள் போய்விட்டது. ஒப்பந்தம் உங்கள் கையில் இல்லை, ‘ஆன்லைனில் டிக் அடித்தோம்’ என்றால், கம்பெனி இணையதளத்தில் உங்கள் ஐடி-க்குள் போய் இன்றைக்கே இறக்கி வையுங்கள். அதற்கும் அடுத்தது ‘பை பேக்’, அதாவது விற்காத சரக்கைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்வது. உலக நேரடி விற்பனைச் சங்கங்களின் கூட்டமைப்பு, அதாவது இந்தக் கம்பெனிகளே கூடி எழுதிக்கொண்ட நெறிமுறை என்ன சொல்கிறது தெரியுமா? விலகுபவர் கடந்த 12 மாதத்தில் வாங்கிய, விற்கும் நிலையில் உள்ள சரக்கை, 10 சதவீதத்துக்கு மேல் கழிக்காமல் திரும்ப எடுக்க வேண்டும். உங்கள் கம்பெனி தன்னை அந்தச் சங்கத்து உறுப்பினர் என்று பெருமையாகப் போட்டிருந்தால் இதைக் கடிதத்தில் அப்படியே எழுதுங்கள்.

கம்பெனிப் பெட்டியில் உடைக்காத டின் 39 இருக்கிறது. 640 வீதம் 24,960 ரூபாய். 10 சதவீதம் கழித்தாலும் 22,464 வர வேண்டும். உங்களுக்கு ஏதாவது கமிஷன் வந்திருந்தால் அதையும் கழிப்பார்கள். உடைத்த இரண்டை விட்டுவிடுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். உங்கள் ஐடி எண், பில் எண், பில் தேதி, எத்தனை டின் சீல் உடையாமல் இருக்கிறது, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், சரக்கை எடுத்துக்கொண்டு பணத்தை இந்த வங்கிக் கணக்கில் போடுங்கள். அவ்வளவுதான். கோபம், அழுகை, அக்கா என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் வேண்டாம். குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலிலும், பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடும் அனுப்புங்கள். தபால் ரசீதை பத்திரமாக வையுங்கள். போனில் சொன்னது எதுவும் சொன்னதாக ஆகாது. ‘அக்காவிடம் சொல்லியாச்சு, அவர் மேலே சொல்லிக்கொள்வார்’ என்று இருந்துவிடாதீர்கள். கூலிங் ஆஃப் நாட்கள் முடியும்வரை “பார்க்கலாம், பேசிக்கொண்டிருக்கிறேன்” என்றே ஓட்டுவார்கள். கொருக்குப்பேட்டையில் ஒரு பெண் 28-வது நாள்வரை அப்படிக் காத்திருந்து, 33-வது நாள் என்னிடம் வந்தார்.

இப்போது அந்த 30 டின். இதுதான் உங்கள் விஷயத்தில் சிக்கலான இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கம்பெனி திரும்ப எடுப்பது அது பில் போட்டு உங்களுக்கு விற்ற சரக்கை மட்டும்தான். அக்கா வீட்டிலிருந்து வந்த டின்னைக் கம்பெனி உங்களுக்கு விற்கவில்லை. அக்கா தன் தலையில் யாரோ கட்டியதை உங்கள் தலையில் மாற்றியிருக்கிறார். கம்பெனிக் கணக்கில் அந்த 30 டின் ஏற்கெனவே அக்காவுக்கு விற்றாகிவிட்டது. அதனால் 69 டின்னையும் ஒன்றாக அடுக்கி “திரும்ப எடுங்கள்” என்று எழுதினால், “எங்கள் பதிவோடு பொருந்தவில்லை” என்று மொத்தத்தையும் தட்டிக்கழிக்க அவர்களுக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். 39-ஐத் தனியாக வையுங்கள், 30-ஐத் தனியாக வையுங்கள். கலந்துவிடக் கூடாது. ஏற்கெனவே கலந்திருந்தால் டின் அடியில் உள்ள பேட்ச் எண்ணைப் பார்த்துப் பிரித்துவிடலாம். பெட்டியில் வந்தவை பெரும்பாலும் ஒரே பேட்சாக இருக்கும்.

பிரிக்கும்போதே 30 டின்னின் காலாவதித் தேதியையும் பாருங்கள். அக்கா வீட்டில் ஆறு மாதம் கிடந்த சரக்காக இருக்கலாம். தேதி தாண்டியது ஒன்று இருந்தாலும் அதை விற்காதீர்கள், இலவசமாகக்கூடக் கொடுக்காதீர்கள். அது உணவுப் பொருள். ஒரு குழந்தை குடித்து வாந்தி எடுத்தால் விற்றவர் என்று உங்கள் பெயர்தான் வரும். ஒவ்வொரு டின்னின் தேதியையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

அந்த 19,200 ரூபாயை அக்காவிடம்தான் கேட்க வேண்டும். பில் இல்லை என்று கவலைப்படாதீர்கள். ஜிபே-யில் அனுப்பிய பதிவு இருக்கிறது, “30 டின் கொண்டு வரேன்” என்று அவர் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தி இருந்தால் இன்னும் நல்லது. அதை அழிக்காதீர்கள், ‘தானாக மறையும்’ வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். நேரில் போய்ச் சண்டை போடாமல், “அக்கா, அந்த 30 டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு 19,200 அனுப்புங்கள்” என்று வாட்ஸ்ஆப்பிலேயே எழுதுங்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் அது உங்களுக்குச் சாட்சி. பிறகு, கம்பெனிக்கு இரண்டாவது கடிதம் ஒன்று, முதல் கடிதத்தோடு சேர்க்காமல் தனியாக: உங்கள் விற்பனையாளர் பில் இல்லாமல் 30 டின்னை எனக்கு விற்றிருக்கிறார், அவர் செய்யும் விற்பனைக்கு நீங்கள் பொறுப்பு, நடவடிக்கை எடுங்கள் என்று. இந்தக் கடிதம் போனால் கம்பெனியைவிட அக்காவின் அப்லைன், அதாவது அவருக்கு மேலே இருப்பவர்தான் முதலில் பதறுவார். ஐடி போய்விடும் என்ற பயத்தில் பணத்தைப் புரட்டிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று உடனே செய்ய வேண்டும். உங்கள் ஐடி யாருடைய போன் எண்ணில் இருக்கிறது? பலருக்கு ஸ்பான்சரே, அதாவது சேர்த்துவிட்டவரே தன் எண்ணைக் கொடுத்து, தானே பாஸ்வேர்டு வைத்து ஐடி போட்டுவிடுகிறார். ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். மாதக் கடைசியில் உங்கள் பெயரில் அவரே ஆர்டர் போட்டுவிட்டு, “உனக்காகத்தான் போட்டேன், பணத்தைக் கொடு” என்று வந்து நிற்பார். எண்ணையும் பாஸ்வேர்டையும் இன்றே மாற்றுங்கள். தொகை எழுதாத காசோலையோ, வெற்றுப் புரோநோட்டோ யாரிடமாவது கொடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் அதையும் அந்த வாட்ஸ்ஆப்பில் எழுதி வையுங்கள்.

விஷயம் வெளியே தெரிந்ததும் இரண்டு பேர் உங்களைத் தேடி வருவார்கள். ஒருவர் “ஸ்டாக்கை நான் கிளியர் பண்ணித் தரேன்” என்று பாதி விலைக்குக் கேட்பார். அவர் அதை ஆன்லைனில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். உங்கள் ஐடி சரக்கு அங்கே விற்றதைக் காட்டிக் கம்பெனி உங்கள் ஒப்பந்தத்தையே முறித்துவிடலாம், பை பேக்கும் போய்விடும். இன்னொருவர் “எனக்கு மேலிடத்தில் ஆள் தெரியும், ரீஃபண்ட் வாங்கித் தரேன், முதலில் 3,000 கொடுங்கள்” என்பார். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதும் ஒரு பக்கக் கடிதத்தைவிடப் பெரிதாக அவர் எதையும் செய்யப்போவதில்லை. இந்தத் தரகர்களால் ஏமாந்தவர்கள் கம்பெனியால் ஏமாந்தவர்களைவிடக் குறைவில்லை.

ஒரு மாதத்தில் கம்பெனி பதில் தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அங்கிருந்து போகும் புகாருக்குப் பல கம்பெனிகள் இறங்கி வருகின்றன. அதற்கும் அசையாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் பதியலாம். கம்பெனி வக்கீல் “இவர் விற்பதற்கு வாங்கியவர், நுகர்வோரே அல்ல” என்று வாதாடுவார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது, அதை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். எளிதான வாதம் அல்ல. அதனால்தான் 30 நாளுக்குள் கடிதத்தோடு முடிக்கப் பாருங்கள் என்கிறேன். மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தாவுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்காரும் பெண்களைப் பார்க்கும்போது அந்த மூன்று மாதத்தை யார் எழுதினார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

காவல் நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் “இது சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்புவார்கள். பொருளே பேருக்குத்தான், ஆள் சேர்த்தால்தான் காசு என்ற திட்டமாக இருந்தால் அப்படி அனுப்பக் கூடாது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-இலிருந்தே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த வழி இப்போதைக்குத் தெரியவில்லை.

இன்று இரவே டின்களை இரண்டாகப் பிரித்து, 39-ஐயும் கம்பெனிப் பெட்டியிலேயே திரும்ப அடுக்கி, பெட்டி மேல் ஒட்டியிருக்கும் பில் லேபிளோடு ஒரு படம் எடுத்துவிடுங்கள். காலையில் தபால் நிலையம் திறந்ததும் முதல் கடிதம் போகட்டும். இரண்டாவது கடிதம் அடுத்த நாள் போனால் போதும்.