அறிவியல் கேள்வி பதில்: திசை காணும் கணக்கு

கேள்வி: ஆன்டெனா வரிசைக்கு வந்துசேரும் பல சிக்னல்களின் திசைகளை அறிய, மீப்பெரு சாத்தியக்கூறு மதிப்பீடே துல்லியமானது என்கிறார்கள். ஆனால் கணினியில் அது மிகவும் மெதுவாக நடக்கிறது. விரைவுபடுத்த வழி உண்டா?

பதில்: உண்டு. கிடைத்த அளவீடுகளுக்கு எந்தத் திசைத்தொகுப்பு மிகவும் பொருந்துகிறதோ அதையே இம்முறை தேர்கிறது. சிக்னல்களின் வீச்சுகளை மீச்சிறு வர்க்க முறையால் (பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கும் முறை) கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்பதால் எஞ்சுபவை திசைகள் மட்டுமே. ஆயினும், 180 கோணங்களுக்குள் மூன்று அலைமூலங்களைத் தேடினாலே 9,55,860 சேர்க்கைகளைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஸிஸ்கிண்ட், வாக்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1988-இல் வெளியிட்ட மாற்று வீழல் முறையில், மற்றத் திசைகளை நிலையாக வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் தேடி, பிறகு அடுத்ததற்குச் செல்வதால், ஒவ்வொரு படியிலும் 180 சோதனைகளே போதும். ஆனால் இம்முறை, பொருத்தம் மிக அதிகமாக இருக்கும் உண்மையான உச்சத்தை விட்டுவிட்டு அருகிலுள்ள சிறு உச்சமொன்றில் நின்றுவிடக்கூடும். ஆகவே அலைமூலங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தொடக்க மதிப்புகளைப் பெறுவது நல்லது.

உங்கள் ஆன்டெனாக்கள் சம இடைவெளியில் நேர்கோட்டில் இருந்தால், கோணத் தேடலையே தவிர்த்து, ஒரு பல்லுறுப்புக் கோவையின் தீர்வுகளிலிருந்து திசைகளைப் பெறும் வழியையே நான் பரிந்துரைப்பேன். மியூசிக் (MUSIC) எனும் வேறொரு திசை காணும் முறை இன்னும் எளிது (பெயருக்கும் இசைக்கும் தொடர்பில்லை). ஆனால் எதிரொலிப்பால் முற்றிலும் ஒத்தியைந்த சிக்னல்கள் (ஒரே சிக்னலின் நகல்கள்) வரும்போது அது நேரடியாகப் பயன்படாது.