அந்தமான் பயணம்: வாசகர் கேள்விகள், நிபுணர் பதில்கள்

கே: போர்ட் பிளேருக்கு விமான டிக்கெட் போட்டோம். டிக்கெட்டில் ‘ஸ்ரீ விஜயபுரம்’ என்று இருக்கிறது. ஹேவ்லாக் ஓட்டல் ரசீதிலும் வேறு ஏதோ பெயர். ஊர் மாறிப் பதிவாகிவிட்டதா? (வாசகி, திருநெல்வேலி)

ப: ஊர் மாறவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. அதற்கு முன்பே, 2018 டிசம்பரில், ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவு ஷஹீத் த்வீப் என்றும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் என்றும் மாற்றப்பட்டன. மக்கள் பேச்சில் பழைய பெயர்கள் போகவில்லை. ஆட்டோக்காரரிடம் ‘ஹேவ்லாக் கப்பல்’ என்றாலே போதும். விமான நிலையத்தின் குறியீடு ஐ.எக்ஸ்.இசட். டிக்கெட்டில் அது இருந்தால் கவலை வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம். வடக்கு அந்தமானில் டிக்லிப்பூர் பக்கம் இன்னொரு ராஸ் தீவு இருக்கிறது. மணல் திட்டால் ஸ்மித் தீவோடு இணைந்து, படங்களில் வெள்ளை நாடா போலத் தெரிவது அதுதான். தலைநகரின் எதிரே, பிரிட்டிஷ் காலக் கட்டட இடிபாடுகள் உள்ள ராஸ் தீவு வேறு. பயண முகவர் ‘ராஸ்’ என்றால் எந்த ராஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: கணவர், நான், 8 வயது மகன், 72 வயது மாமியார் என நால்வர். ஐந்து இரவு, ஆறு பகல். முகவர் கொடுத்த திட்டத்தில் செல்லுலார் சிறை, ஹேவ்லாக், நீல், பாராடாங், டிக்லிப்பூர் எல்லாம் இருக்கின்றன. கடைசி நாள் காலை நீலிலிருந்து கப்பலில் வந்து, அன்று மதியமே விமானம் என்கிறார். சரிவருமா? (வாசகி, ஈரோடு)

ப: வராது. கடைசி நாள் திட்டம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்கள் கடலின் நிலையைப் பொறுத்தவை. காற்று அடித்தாலோ, துறைமுகத்தில் எச்சரிக்கை இருந்தாலோ நிறுத்திவிடுவார்கள். நீலில் மாட்டிக்கொண்டால் கார் பிடித்து வர அங்கே சாலை கிடையாது, விமானம் போய்விடும். விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில் தங்க வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பின்னிருந்து முன்னாகத் திட்டமிடுங்கள்.

டிக்லிப்பூரை முதலில் எடுத்துவிடுங்கள். வடக்கு அந்தமானின் அந்த ஊர் சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் மேல். கான்வாய் (காட்டுச் சாலையில் குறித்த நேரத்தில் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போவது), நடுவே நீர்வழி எல்லாம் சேர்த்துப் போகவே ஒரு பகல் முழுக்க ஆகும், திரும்ப இன்னொன்று. அங்கே இரண்டு இரவாவது தங்க முடிந்தால்தான் போக வேண்டும்.

பாராடாங்கும் உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவராது. காலை 6 மணிக் கான்வாயைப் பிடிக்க, நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஜிர்காடாங் சோதனைச் சாவடி வரிசையில் அதற்கு வெகு முன்பே நிற்க வேண்டும். அதாவது விடியற்காலை மூன்றரை, நான்கு மணிக்கு வண்டி ஏற வேண்டும். பிறகு காட்டுச் சாலை, வண்டியோடு படகில் ஒரு கடப்பு, சதுப்புநிலக் காடு வழியே சுமார் அரை மணி நேரம் சிறு படகு, அங்கிருந்து சுண்ணாம்புக் குகை வரை வேரும் கல்லுமாக ஒன்றரை கிலோமீட்டர் நடை. மழை பெய்திருந்தால் வழுக்கும். 72 வயதில் முட்டி நன்றாக இருந்தாலும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மிச்சத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முற்பகலில் இறங்கும் விமானம். மாலை செல்லுலார் சிறையும் ஒலி-ஒளிக் காட்சியும். 1906-இல் கட்டி முடிக்கப்பட்டபோது ஏழு சிறகுகள் இருந்த அந்தச் சிறையில் இன்று நிற்பவை மூன்று. காட்சிக்கு முன்பே பகல் வெளிச்சத்தில் உள்ளே சுற்றிவிட்டால் சொல்லப்படுவது மனதில் பதியும். இரண்டாம் நாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக், இரண்டு இரவு. நான்காம் நாள் நீல், ஒரு இரவு. ஐந்தாம் நாள் நீலிலிருந்து காலைக் கப்பலில் திரும்பி நகரில் ஒரு இரவு. ஆறாம் நாள் விமானம். ஐந்தாம் நாளுக்குக் கடைசிக் கப்பலைப் போடாதீர்கள். காலையில் ஒன்று நின்றுபோனாலும் மதியம் இன்னொன்றைத் தேட அவகாசம் இருக்கும். கடல் குழப்பமாக இருந்தால் விட வேண்டியது நீல்தான்; ஹேவ்லாக்கிலிருந்து நேரே திரும்பிவிடலாம்.

பதிவு செய்யும் வரிசையும் முக்கியம். விமானம் முதலில், தீவுக் கப்பல்கள் அடுத்து, ஓட்டல் கடைசியில். பலர் ஓட்டலை முதலில் போட்டுவிட்டு, அந்தத் தேதிக்குக் கப்பலில் இடமில்லை என்று பிறகு தவிக்கிறார்கள்.

கே: தீவுக் கப்பல்களில் அரசுக் கப்பலா, தனியாரா? எனக்குப் பேருந்திலேயே வாந்தி வரும். (வாசகர், சேலம்)

ப: அரசுக் கப்பல் கட்டணம் குறைவு, வேகமும் குறைவு. ஹேவ்லாக்குக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். தனியார் கப்பல் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடும், குளிர்சாதன வசதி உண்டு, ஆனால் ஓடும்போது பெரும்பாலும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். குமட்டல் உள்ளவருக்கு மூடிய அறைதான் எதிரி. அரசுக் கப்பலில் மேல்தளத்தில் காற்றில் நின்று தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்பதால் நேரம் கூடினாலும் உங்களுக்கு அதுவே தேவலை. உள்காது அசைவை உணர, கண்ணோ அசையாத சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணுக்கும் அசைவு தெரியும், முரண்பாடு குறையும்.

தனியார்க் கப்பல்தான் கிடைத்தது என்றால் கீழ்த்தளத்தில் நடுவிலோ பின்பக்கமோ இருக்கை கேளுங்கள். முன்வரிசை அழகு, ஆனால் அலை தூக்கிப்போடுவதும் அங்கேதான். மருத்துவரிடம் கேட்டு வாந்தித் தடுப்பு மாத்திரையைப் புறப்பட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கியபின் போட்டால் வயிற்றில் தங்காது. வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டவும் கூடாது. இரண்டு இட்லி சரியான அளவு.

கப்பல் ஏறும் துறை ஃபீனிக்ஸ் பே ஜெட்டியா, ஹேடோவா என்று டிக்கெட்டில் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு இடங்கள். ஒரு மணி நேரம் முன்பே, மூல அடையாள அட்டையோடு போங்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டு ‘இனிஷியல்’ குழப்பம் இங்கேதான் காலை வாரும்.

கே: ஓய்வு பெற்றுவிட்டேன். சென்னையிலிருந்து கப்பலிலேயே போய்வர ஆசை. (வாசகர், கும்பகோணம்)

ப: நேரம் இருக்கிறவருக்கு அருமையான ஆசை. பயணம் ஏறக்குறைய மூன்று பகல்கள். சென்னையிலிருந்து மாதத்தில் சில முறைதான் புறப்படும், தேதிகள் அதிக காலம் முன்னதாகத் தெரியாது, அறிவித்த தேதியும் தள்ளிப்போகலாம். அதனால் போகும்போது விமானம், திரும்பும்போது கப்பல் என்று வையுங்கள். போகும் கப்பல் இரண்டு நாள் தாமதமானால் தீவுகளில் போட்ட ஓட்டல், கப்பல் டிக்கெட் எல்லாம் சரியும். திரும்பும் கப்பல் தாமதமானால் வீட்டுக்கு இரண்டு நாள் கழித்துப் போவீர்கள், அவ்வளவுதான். படுக்கை மட்டும் உள்ள பங்க் வகுப்பைவிடக் கேபின் எடுங்கள். பங்க்கில் பொதுக் கழிப்பறை, மூன்று நாளில் அது பெரிய விஷயம். வழக்கமான மருந்துகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் அலைபேசித் தொடர்பு இருக்காது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கே: பள்ளி விடுமுறை மே மாதம்தான். போகலாமா? (வாசகி, மதுரை)

ப: மே முதல் வாரம் வரை போகலாம், புழுக்கத்தைத் தாங்கிக்கொண்டால். நடு மே வாக்கில் தென்மேற்குப் பருவமழை முதலில் தொடுவதே அந்தமான் கடலைத்தான், கேரளத்துக்கு அதற்குப் பிறகே வரும். வடகிழக்குப் பருவமழையும் அங்கே உண்டு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் கப்பல்களை நிறுத்தும். கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பவளப் பாறை பார்க்க வேண்டும் என்பவர்கள் பிப்ரவரி, மார்ச்சைக் குறிவையுங்கள்.

கே: மாலை 4 மணிக்கு மேல்தான் வெயில் தாழும், அப்போது கடற்கரைக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். (வாசகர், கோவை)

ப: நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஸ்ரீ விஜயபுரம் 92.7 டிகிரியில் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் சூரியன் அங்கே கடிகாரத்தைவிட 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும், ஐந்தரைக்கு இருட்டு. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்க்க நாலரை மணிக்குக் கிளம்பினால் வாகன நிறுத்தத்தில்தான் பார்ப்பீர்கள். மூன்று மணிக்கே அங்கே இருங்கள். காலை 5 மணிக்கு எழுந்து, மதியம் தூங்குங்கள். அந்த ஊருக்கு அதுதான் பொருத்தம்.

கே: நீந்தத் தெரியாது. ஸ்நார்க்கெலிங் (குழாயில் மூச்சுவிட்டபடி நீர்மட்டத்தில் மிதப்பது), ஸ்கூபா (காற்று உருளையோடு ஆழத்தில் மூழ்குவது) செய்யலாமா? நீலில் இயற்கைப் பாலம் பார்க்கப் போன நண்பர்கள் தண்ணீரைத்தான் பார்த்தார்களாம். (வாசகர், சென்னை)

ப: அவர்கள் கடல் ஏற்றத்தில் போயிருப்பார்கள். அந்தக் கல் வளைவுக்குப் பாறைத் தரை வழியே நடந்து போக வேண்டும்; வற்றத்தில்தான் வழி தெரியும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பின்னால் தள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் நன்றாக உள்வாங்கும். பயணத் தேதிகளுக்கான கடல்மட்ட அட்டவணையை இணையத்தில் முன்பே பார்த்து வையுங்கள். பவளப் பாறைக்கு மேல் மிதப்பதற்கோ, இதற்கு நேர்மாறாக, கடல் ஏற்றத்தின் நேரம் நல்லது. தண்ணீர் குறைந்தால் கால் பவளத்தில் படும், காலும் கிழியும், பல்லாண்டு வளர்ந்த பவளமும் உடையும்.

மிதவை உடுப்போடு ஸ்நார்க்கெலிங் செய்ய நீச்சல் வேண்டாம். பயிற்சியாளர் பிடித்தபடி கூட்டிப்போகும் அறிமுக ஸ்கூபாவுக்கும் வேண்டாம், வயது 10 ஆகியிருக்க வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் இறங்கக் கூடாது. படிவத்தில் ‘இல்லை’ என்று பொய்யாக நிரப்பாதீர்கள். சளி பிடித்திருந்தாலும் வேண்டாம், காதில் அழுத்தம் சமனாகாமல் செவிப்பறை பாதிக்கும். மூழ்கியபின் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விமானத்தில் அழுத்தம் குறையும்போது குமிழாகக்கூடும். எனவே ஸ்கூபா ஹேவ்லாக்கின் இரண்டாம் நாளுக்கு. கடைசி நாளுக்கு வேண்டாம்.

கழிமுகங்களிலும் சதுப்புநிலக் காட்டோரங்களிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-இல் ஹேவ்லாக்கில் ஒரு சுற்றுலாப் பயணி முதலையால் இறந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் முழங்கால் அளவு தண்ணீரிலும் இறங்காதீர்கள். பொழுது சாய்ந்தபின் எங்கும் இறங்காதீர்கள்.

கே: பாராடாங் வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்க முடியுமா? (வாசகர், விழுப்புரம்)

ப: பார்க்கும் நோக்கில் போகாதீர்கள். அந்தச் சாலை அவர்களுடைய காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது, நாம் அவர்கள் வாசலில் நடக்கிறோம். 1990-களின் இறுதியில்தான் அவர்கள் வெளியாரோடு பகையின்றிப் பழகத் தொடங்கினார்கள். 1999-இல் தட்டம்மை அவர்களிடையே பரவியது. நம் சாதாரண இருமல் அவர்களுக்கு உயிர்க்கொல்லி ஆகலாம். கான்வாயில் வண்டி நிறுத்துவது, படம் எடுப்பது, பிஸ்கட் கொடுப்பது எல்லாமே 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றங்கள். ‘காட்டித் தருகிறேன்’ என்று சொல்லும் ஓட்டுநரை மாற்றிவிடுங்கள். ஜிர்காடாங்கில் ஏறியதும் கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள்.

கே: அனுமதிச் சீட்டு, பணம், கைபேசி? (வாசகி, காரைக்குடி)

ப: இந்தியக் குடிமக்களுக்கு ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக், நீல் செல்ல அனுமதி தேவையில்லை. நிகோபாருக்குத் தனி அனுமதி வேண்டும், சுற்றுலாத் திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்தபின் இணையம் எவ்வளவோ மேல், ஆனாலும் சிறு தீவுகளில் திடீரென்று படுத்துவிடும். யுபிஐ-யை மட்டும் நம்பாமல் இரண்டு நாள் செலவுக்கு ரொக்கம் வைத்திருங்கள், அதைத் தலைநகரிலேயே எடுத்துவிடுங்கள். டிக்கெட்டுகளைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். தலைநகரில் தமிழ் நன்றாகவே செல்லும்.

கே: மகன் கடற்கரையில் சங்கு, பவளத் துண்டு பொறுக்கிக்கொண்டு வரலாமா? (வாசகி, நாகர்கோவில்)

ப: கூடாது. பவளமும் பல வகைச் சங்குகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்து ஒதுங்கிய துண்டுக்கும் அது பொருந்தும். விமான நிலையச் சோதனையில் பையைத் திறக்கச் சொல்வார்கள். கடையில் வாங்கும் சங்குப் பொருளுக்கு உரிமம் பெற்ற கடையின் ரசீதைக் கேட்டு வாங்கி, பொருளோடு கைப்பையிலேயே வைத்திருங்கள்.