கருங்கால் ஃபெரெட் (வட அமெரிக்கப் புல்வெளியில் வாழும், கீரி போன்ற சிறு ஊனுண்ணி) அழிந்துவிட்டது என்றார்களே, பிறகு எப்படித் திரும்பி வந்தது?

அழிந்தேவிட்டது என்றுதான் நினைத்தார்கள். 1981-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், மீட்டீட்சி ஊருக்கு அருகே, ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரெட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது. தேடினால் பக்கத்திலேயே ஒரு கூட்டம் உயிரோடு இருந்தது!

அதையும் நோய் விடவில்லை. 1987-க்குள் மிஞ்சிய 18-ஐயும் பிடித்துக் கூண்டில் வளர்த்தார்கள். அவற்றில் 7-இன் வம்சம்தான் பெருகியது. 1991 முதல் புல்வெளியில் விடுகிறார்கள்.

சிக்கல் சாப்பாட்டில்தான். இது தின்பது பெரும்பாலும் பிரெய்ரி நாயைத்தான் (பெயர்தான் நாய், அணில் குடும்பத்துக் கொறிவிலங்கு). குடியிருப்பதும் அதன் வளையில். மேய்ச்சலைக் கெடுக்கிறது என்று பண்ணைக்காரர்கள் பிரெய்ரி நாய்களுக்கு விஷம் வைத்தார்கள். அப்புறம் தெள்ளுப்பூச்சி பரப்பும் பிளேக், இரண்டையும் கொல்கிறது. அதனால் வளை வளையாகப் பூச்சிமருந்து தூவுகிறார்கள். இரவில் விளக்கடித்து, பச்சையாக மின்னும் கண்களைத் தேடி, பிடித்துத் தடுப்பூசி போடுகிறார்கள். அலுக்காமல் இதைச் செய்பவர்களால்தான் இந்த இனம் நிற்கிறது.

ஏழே மூதாதையர் என்பதால் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. அதைக் கூட்டத்தான், சந்ததி மிஞ்சாத வில்லா என்ற பெண் ஃபெரெட்டின் உறைந்த செல்லிலிருந்து 2020-இல் எலிசபெத் ஆன் என்ற குட்டியைக் குளோனிங் முறையில் (அதே மரபணுவோடு நகலாக) உருவாக்கினார்கள். அதே செல்லில் பிறந்த அன்டோனியா 2024-இல் குட்டி போட்டது.