13 வயதில் தொடங்கிய வேலை

அன்புள்ள ஐயா,

அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை ஜெனிஃபர் காப்ரியாட்டி குறித்துத் தாங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அவர்மீது தாங்கள் காட்டும் பரிவை என்னால் ஏற்க இயலவில்லை. 14 வயதில் உலகின் முதல் பத்து வீராங்கனைகளுள் ஒருவராகி, 16 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்று, வேண்டிய அளவுக்கு மேல் பணமும் புகழும் பெற்ற ஒரு பெண் 18 வயதில் போதைப்பொருள் வழக்கில் கைதானார் என்றால், அதற்கு அவர்தானே பொறுப்பு? ஸ்டெஃபி கிராஃபும் 13 வயதில்தான் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். மோனிகா செலஸும் சிறுவயதிலேயே வந்தவர். அவர்கள் வழி தவறவில்லையே. 2001-இல் காப்ரியாட்டி திரும்பி வந்து வென்றதே, மனவுறுதி இருந்திருந்தால் முன்பே வென்றிருக்கலாம் என்பதற்குச் சான்றல்லவா? பெற்றோரையும் அமைப்பையும் குறை சொல்வது, திறமையை வீணடித்தவர்களுக்கு நாம் தேடித் தரும் சாக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொல்லும் தகவல்களில் பிழையில்லை. அவற்றிலிருந்து நீங்கள் வந்து சேரும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சிறுமியின் குணத்தில் குறை தேடுவதற்கு முன், அவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளைக் கிராண்ட் ஸ்லாம் என்பார்கள். அவற்றுள் ஒன்றின் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுகிறார்கள். அவர்களுள் 127 பேர் தோற்றுத்தான் வெளியேற வேண்டும். அதில் 64 பேர் முதல் சுற்றோடு போய்விடுவார்கள். மாதச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், விமானப் பயணம், விடுதி எல்லாம் ஆடுபவரின் கைப்பணம். இவற்றைவிடக் கொடியது தரவரிசைக் கணக்கு. இந்த வாரம் ஒரு போட்டியில் பெற்ற புள்ளிகள் அடுத்த ஆண்டு இதே காலத்தில் கழிந்துவிடும் என்பதால், ஓய்வெடுப்பவர் அங்கேயே நின்றுவிடுவதில்லை, கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறார். பயிற்சியாளராகத் தந்தையே இருக்கும் வீடுகளில் இதன் பொருள் இன்னும் கடுமையானது. களைத்துப்போன பிள்ளை வீட்டுக்கு வந்தாலும் வேலையிடத்திலேயேதான் இருக்கிறாள்; போதும் என்று அவள் சொன்னால், அதில் பாதிக்கப்படுபவர்களே அவளை வளர்ப்பவர்கள்.

காப்ரியாட்டியின் நிலை அதுதான். தந்தை ஸ்டெஃபனோ அவரது பயிற்சியாளர். 1990 மார்ச்சில், 14 வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கையில், ஃபுளோரிடாவில் உள்ள போக்கா ராட்டனில் தன் முதல் தொழில்முறைப் போட்டியை ஆடி இறுதியாட்டம் வரை சென்று, அர்ஜென்டினாவின் கேப்ரியேலா சபாட்டினியிடம் தோற்றார். அதற்கு முன்பே விளம்பர ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிவிட்டன. சில மாதங்களில் பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதி. அடுத்த ஆண்டு விம்பிள்டன் கால் இறுதியில், அதை ஒன்பது முறை வென்றிருந்த மார்ட்டினா நவ்ரத்திலோவாவை வென்றார்.

1991 அமெரிக்க ஓப்பன் அரையிறுதியை நீங்கள் ஒருமுறை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். எதிரே இருந்தவர் 17 வயது செலஸ், இவருக்கு 15. இருவரும் கோட்டின்மேல் நின்று, பந்து எழும்பும் கணத்திலேயே அதைத் தாக்கி, அதுவரை மகளிர் டென்னிஸ் அதிகம் கண்டிராத வேகத்தில் ஆடினார்கள். மூன்றாம் செட்டில் இருமுறை, தான் சர்வீஸ் போடும் அந்த ஒரு கேமை எடுத்தால் வெற்றி என்ற வாய்ப்பு காப்ரியாட்டிக்குக் கிடைத்தது. இருமுறையும் அது கைநழுவியது. சமநிலையில் நிற்கும் செட்டைத் தீர்க்கும் டைபிரேக்கில் தோற்றார். அந்த வயதில் மற்ற பிள்ளைகளும் தோற்கிறார்கள்தான். ஆனால் அவர்களுடைய தோல்வியை ஊர் கூடிப் பார்ப்பதுமில்லை, மறுநாள் காலை அதற்கு விளக்கம் கேட்பதுமில்லை.

1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் கிராஃபை வென்று தங்கம் பெற்றார். 1993 அமெரிக்க ஓப்பனில் முதல் சுற்றிலேயே லெய்லா மெஸ்கியிடம் தோற்றபின் ஆட்டத்தை நிறுத்தினார். அந்த ஆண்டு டிசம்பரில், விலை மலிவான ஒரு மோதிரத்தைக் கடையிலிருந்து எடுத்ததாக அவர்மீது குற்றச்சாட்டு வந்தது. கோடிக்கணக்கில் சம்பாதித்த பெண் எதற்காக ஒரு மலிவு மோதிரத்தை எடுக்க வேண்டும் என்று எல்லோரும் வியந்தார்களே தவிர, அந்தக் கேள்விக்குள் ஒரு விடையும் இருக்கக்கூடும் என்று எண்ணியவர்கள் குறைவு. 1994 மே மாதம் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதானபோது காவல்துறை எடுத்த புகைப்படம் உலகெங்கும் அச்சானது.

அவருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் அப்படிச் சொன்னதில்லை. 1999 அமெரிக்க ஓப்பனின்போது செய்தியாளர்கள் முன் கண்ணீரோடு ஓர் அறிக்கையை வாசித்தார். தான் தவறுகள் செய்ததாகவும், தன்னைத் தேடிக் குழம்பிய ஒரு பருவத்தின் கலகம் அது என்றும் அதில் ஒப்புக்கொண்டார். 23 வயதில் அவரால் இத்தனை தெளிவாகப் பேச முடிந்திருக்கையில், நாம் மட்டும் எதற்காக 18 வயதின் புகைப்படத்திலேயே நிற்க வேண்டும்?

இனி கிராஃப், செலஸ் பற்றி. 1982-இல் 13 வயதில் வந்த கிராஃபைத் தொடக்க ஆண்டுகளில் அளவோடுதான் ஆட வைத்தார்கள். அவர் முதல் பட்டம் வென்றது 1986-இல். அவ்வகையில் அவரது தந்தை மற்றவர்களைவிட விவேகமானவராக இருந்தார். அதே தந்தை, மகளின் வருமானத்துக்குரிய வரியை ஏய்த்த குற்றத்துக்காக 1995-இல் கைதாகி, 1997-இல் சிறைத்தண்டனை பெற்றார். அவர் கைதாகிச் சில வாரங்களில் கிராஃப் அமெரிக்க ஓப்பனை வென்றார். அந்தத் திடத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் அது எல்லோரிடமும் எதிர்பார்க்கத்தக்க ஒன்று என்று நம்மால் சொல்ல முடியுமா?

செலஸின் கதை இன்னும் வேதனையானது. 1993 ஏப்ரல் 30 அன்று ஹாம்பர்க்கில், ஆட்டத்தின் இடைவேளையில் நாற்காலியில் அமர்ந்திருந்தவரின் முதுகில் ஒருவன் கத்தியால் குத்தினான். அவர் திரும்பும்வரை முதலிடத்தை அவருக்காகக் காத்து வைக்கலாமா என்று முன்னணி வீராங்கனைகளிடம் கேட்கப்பட்டபோது பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று நான் கருதவில்லை. ஒருவர் இடம் காலியானால்தான் மற்றவர் ஏற முடியும் என்று அமைந்த தொழில் அப்படித்தான் பேச வைக்கும். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் களத்துக்கு வரவில்லை. 1995-இல் வந்தபோது கிராஃபுடன் முதலிடத்தைப் பகிர்ந்து தந்தார்கள். தாக்குதலுக்கு முன் எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றிருந்தவர் அதன்பின் வென்றது ஒன்றே ஒன்று. மனச்சோர்வோடும், கட்டுப்பாடின்றி உண்ணும் நோயோடும் பல ஆண்டுகள் போராடியதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இதற்கிடையே, 1998-இல் பயிற்சியாளராகவும் இருந்த தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். சில வாரங்கள் கழித்து பிரெஞ்சு ஓப்பன் இறுதியாட்டத்தில் நின்றார். இவரை வழி தவறாதவர் என்று காட்டிக் காப்ரியாட்டியைக் கண்டிப்பது இருவருக்குமே நியாயமாகாது.

மகளிர் டென்னிஸ் சங்கம் காப்ரியாட்டியின் சரிவைத் தனியொரு பெண்ணின் பலவீனமாகக் கருதவில்லை. ட்ரேசி ஆஸ்டின் 16 வயதில் அமெரிக்க ஓப்பனை வென்று, முதுகுக் காயங்களால் இருபதுகளின் தொடக்கத்திலேயே முடங்கியதை அது ஏற்கெனவே பார்த்திருந்தது. 1995 முதல், 14 வயது நிறையாதவர்கள் தொழில்முறைப் போட்டிகளில் ஆடக்கூடாது என்றும், 18 வயது வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிகளே ஆடலாம் என்றும் விதி வந்தது. பின்னாளில் முதலிடம் பெற்ற மார்ட்டினா ஹிங்கிஸும் வீனஸ் வில்லியம்ஸும் 1994 அக்டோபரில், அந்த விதி நடைமுறைக்கு வருமுன் உள்ளே வந்துவிட்டார்கள். பத்தாண்டுகள் கழித்து மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, இளவயதிலேயே ஆட்டத்தைக் கைவிடுவோர் வெகுவாகக் குறைந்திருந்தனர். பிள்ளைகளின் மனவுறுதி பத்தே ஆண்டுகளில் கூடிவிடவில்லை. விதிதான் மாறியிருந்தது.

2001 பற்றி நீங்கள் கேட்டதற்கு இதையொட்டியே பதில் சொல்கிறேன். அந்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் ஹிங்கிஸை நேர் செட்களில் வென்றார். பிறகு பாரிஸில், பிரெஞ்சு ஓப்பனில், கிம் கிளைஸ்டர்ஸுக்கு எதிரான இறுதியாட்டம். கிளைஸ்டர்ஸுக்கு முந்தைய நாள்தான் 18 வயது நிறைந்திருந்தது. காப்ரியாட்டி முதல் செட்டை 1-6 என்று இழந்தார். இரண்டாவதை 6-4 என்று எடுத்தார். மூன்றாம் செட்டில் நான்கு முறை, இன்னும் இரண்டு புள்ளிகள் கிடைத்தால் கிளைஸ்டர்ஸுக்கு வெற்றி என்ற நிலை வந்தது. நான்கு முறையும் காப்ரியாட்டி மீண்டு, இறுதியில் அந்தச் செட்டை 12-10 என்று வென்றார். பத்தாண்டுகளுக்கு முன் நியூயார்க்கில், அந்த அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில், கைநழுவியதைப் போன்ற கடைசி நிமிடங்களில், இப்போது பதற்றமின்றி ஆடிய ஒரு 25 வயதுப் பெண்ணைத்தான் நான் அங்கே பார்க்கிறேன். முன்பே வென்றிருக்கலாம் என்கிறீர்கள். இடையில் அந்த விலகல் நேர்ந்திராவிட்டால், வெல்வதற்கு அவரிடம் எதுவும் மிஞ்சியிருக்காது என்பது என் எண்ணம். அதே அக்டோபரில் உலகின் முதலிடத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டு மெல்போர்னில், ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில், கடும் வெயிலில், ஒரு புள்ளி போனாலும் தோல்வி என்ற நான்கு மேட்ச் பாயிண்டுகளிலிருந்து தப்பி மீண்டும் ஹிங்கிஸை வென்றார். ஒலிம்பிக் தங்கமும் மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்களும் 17 வார முதலிடமும் பெற்ற ஒருவரை, திறமையை வீணடித்தவர் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2004-இல் தோள்பட்டைக் காயம் அவரை நிறுத்தியது. 28 வயது. அறுவை சிகிச்சைகளுக்குப் பின்னும் அவரால் களத்துக்குத் திரும்ப முடியவில்லை. ஆட முடியாமல் போனபின் தன்னை ஆட்கொண்ட மனச்சோர்வைப் பற்றி 2007-இல் அவர் பேசினார். முதல்முறை அவர் விலகியதற்கு இளவயதுச் சுமை காரணம் என்று சங்கம் விதியை மாற்றிக்கொண்டது. குழந்தைப் பருவம் முதல் ஒரே வேலையை மட்டுமே அறிந்த ஒருவர், அந்த வேலை உடலால் முடியாமல் போகும் நாளில் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அந்த வயது விதியில் இடமில்லை. என் கட்டுரையில் இருந்த பரிவு பெரும்பாலும் அந்த இரண்டாம் விலகலைப் பற்றியது.

அன்புடன்.