பிளாங்க் மாறிலியைப் பூஜ்ஜியமாக்காமல் குவாண்டம் அமைப்பில் செவ்வியல் சமன்பாடு வருமா?

வரும். நானும் முதலில் நம்பவில்லை. குவாண்டம் இன்டகிரபிள் அமைப்புகளுக்கும் (துல்லியமாகத் தீர்க்கக்கூடியவை) செவ்வியல் தனிநிலைச் சமன்பாடுகளுக்கும் (மாறிகள் படிப்படியாகத் தாவுபவை) உள்ள தொடர்பு என்றதும், பிளாங்க் மாறிலியைப் பூஜ்ஜியத்தை நோக்கிச் சுருக்கிச் செவ்வியலுக்குப் போகும் வழக்கமான எல்லை எடுக்கும் வேலை என்றுதான் நினைத்தேன். இங்கே எந்த எல்லையும் எடுப்பதில்லை.

1931-இல் ஹான்ஸ் பெத்தே தீர்த்த ஹைசன்பர்க் ஸ்பின் சங்கிலியையே பாருங்கள். வரிசையாக நிற்கும் குட்டிக் குவாண்டம் காந்தங்கள் (ஸ்பின்கள்) பக்கத்தில் இருப்பவற்றோடு மட்டும் வினைபுரியும் மாதிரி அது. அதற்கு, சங்கிலியின் நிலைகள்மீது செயல்படும் ட்ரான்ஸ்ஃபர் அணிகள் என்று ஒரு பெரிய குடும்பமே உண்டு. கூடுதலாக ஒரு துணை ஸ்பினைச் சங்கிலி முழுக்க நடத்திக் கொண்டுபோய் அவற்றைக் கட்டுகிறோம். துணை ஸ்பின் 1/2, 1, 3/2 என எதுவாகவும் இருக்கலாம். இவை எல்லாமே ஒன்றோடொன்று பரிமாறும். அதாவது, பெருக்கும் வரிசையை மாற்றினாலும் விடை மாறாது. அதனால் அவற்றுக்கு இடையே இருக்கும் உறவு, அந்த அணிகளின் ஐகன் மதிப்புகளான (சிறப்பு நிலைகளில் அணி வெறும் பெருக்கலாகச் செயல்படும்போது வரும்) சாதாரண எண்களுக்கும் அப்படியே பொருந்தும். ரகசியம் இவ்வளவுதான்.

சரி, என்ன உறவு? ஸ்பின் 1-க்கு 3 நிலைகள். அப்படி இரண்டைச் சேர்த்தால் 9. பக்கத்து வீட்டுக்காரர்களான 3/2-ஐயும் 1/2-ஐயும் சேர்த்தால் 4 × 2 = 8. மிச்சம் 1, அதுதான் மொத்த ஸ்பின் பூஜ்ஜியமான நிலை. எந்த ஸ்பினில் தொடங்கினாலும் இந்த 1 மிஞ்சும். இதோடு, ட்ரான்ஸ்ஃபர் அணிகள் சார்ந்திருக்கும் ஸ்பெக்ட்ரல் அளவுரு என்ற மாறியையும் சேர்த்து, ஒரு காரணியில் மேலேயும் மற்றதில் கீழேயும் ஒரு படி நகர்த்துங்கள். அந்த 1 இருந்த இடத்தில் தெரிந்த ஒரு சார்பு வந்து உட்காரும். இப்படிக் கிடைப்பது, சொலிட்டான் (வடிவம் மாறாமல் பயணிக்கும் அலை) ஆய்வில் ரியோகோ ஹிரோட்டா 1981-இல் எழுதிய செவ்வியல் இருபடி வேறுபாட்டுச் சமன்பாட்டின் ஒரு சிறப்பு வடிவம்!

1990-களில் கிரிச்செவர், லிப்பன், வீக்மன், சபரோடின் நால்வரும் எதிர்த்திசையில் நடந்து பார்த்தார்கள். ஹிரோட்டா சமன்பாட்டோடு ஒட்டி வரும் நேரியல் சமன்பாடுகளை எழுதினால் ஐகன் மதிப்பை ஒரு துணைச் சார்போடு இணைக்கும் பாக்ஸ்டரின் புகழ்பெற்ற சமன்பாடு கிடைக்கிறது. அதில் ஐகன் மதிப்பைப் பெற அந்தத் துணைச் சார்பால் வகுக்க வேண்டும்; அது பூஜ்ஜியமாகும் புள்ளிகளிலும் ஐகன் மதிப்பு வெடித்துவிடக் கூடாது என்று கேட்டால், சங்கிலியைத் தீர்க்க உதவிய அதே பெத்தே சமன்பாடுகள் வந்து விழுகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் ஹிரோட்டா சமன்பாட்டுக்குத் தீர்வுகள் எண்ணற்றவை. தீர்வு பல்லுறுப்புக் கோவையாகவோ நீள்வட்டச் சார்பாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எல்லை நிபந்தனைகளையும் வைத்த பிறகுதான் நம் சங்கிலிக்கு உரியவை தேறும். அப்புறம், இந்த வழியில் நேராகக் கைக்கு வருவது ஐகன் மதிப்புகள்தான். அலைச்சார்பு வேண்டுமென்றால் தனியாக உழைக்க வேண்டும்.