தக்காளி சல்சா: தண்ணீர் விடாமல் விருந்து மேசைக்கு வர

சமைக்காத தக்காளியை நறுக்கிச் செய்யும் மெக்சிகோ சல்சா பற்றிய கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வழக்குதான்: தண்ணீர். ஸ்பானிய மொழியில் 'சல்சா' என்றால் வெறும் சாஸ்தான். இங்கே பேசப்படுவதற்கு அந்த ஊரில் 'பீக்கோ தே காயோ' என்று பெயர், சேவலின் அலகு என்று பொருள். பச்சை, வெள்ளை, சிவப்பு மூன்றும் சேர்ந்து நாட்டுக் கொடியின் நிறத்தில் இருப்பதால் 'சல்சா மெஹிகானா' என்றும் சொல்வார்கள்.

பத்துப் பேருக்கு அளவு சொல்லுங்கள். இதுவரை செய்ததில்லை.

நன்கு பழுத்த தக்காளி 1 கிலோ, பெரிய வெங்காயம் நடுத்தர அளவில் 2 (150 கிராம்), பச்சை மிளகாய் 3 அல்லது 4, பொடியாக நறுக்கிய கொத்தமல்லி அரை கப், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, தூள் உப்பு ஒன்றரை தேக்கரண்டிக்குள். எண்ணெய் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். சீரகத்தூள் டெக்சாஸ் பக்கத்துப் பழக்கம், இதற்குத் தேவையில்லை.

தக்காளியை நான்காகக் கீறி, விதையோடு இருக்கும் கூழை விரலால் வழித்து ஒரு கிண்ணத்தில் தனியே வையுங்கள். சதையை அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 1 தேக்கரண்டி உப்பைத் தூவிக் கிளறி, வடிதட்டில் 20 நிமிடம் விடுங்கள். அதற்குள் வெங்காயத்தைத் தக்காளித் துண்டைவிடச் சிறிதாக நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் அலசிப் பிழிந்து, எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போடுங்கள். மிளகாய் எவ்வளவு பொடியாக முடியுமோ அவ்வளவு பொடி. எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறி 15 நிமிடம் கழித்து ருசி பாருங்கள். மீதி உப்பை அப்போதுதான் கூட்ட வேண்டும். மூன்றரை கப் அளவுக்கு வரும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடுகிறது. ஏன்?

தக்காளியின் எடையில் 94 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நறுக்கிய இடத்தில் உப்புப் பட்டதும் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே வரத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது. கிண்ணத்துக்குள் வருகிறதா, வடிதட்டிலேயே வந்து முடிகிறதா என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். உப்பு போட்ட ஐந்தாம் நிமிடம் துண்டுகளின் மேல் வியர்த்தது போல மினுமினுப்பு தெரியும். பத்தாம் நிமிடம் கீழே சொட்டும். 20 நிமிடத்தில் சொட்டு மட்டுப்படும்போது அடியில் அரை டம்ளர் வரை சாறு நிற்கும். குளம் என்று நீங்கள் சொல்வது இதுதான்.

இந்தச் சாற்றையும் விதைக் கூழையும் கொட்டிவிடாதீர்கள். உமாமி எனும் நிறைவான சுவையைத் தரும் குளுட்டமேட் சதையைவிட விதையைச் சுற்றியுள்ள கூழில்தான் அதிகம். அதனால் எல்லாவற்றையும் வடித்து ஒதுக்கினால் சல்சா கெட்டியாக இருக்கும், ருசி மொட்டையாக இருக்கும். வடிந்த சாற்றில் 2 மேசைக்கரண்டி எடுத்துக் கடைசியில் திரும்ப ஊற்றுங்கள். மிச்சம் ரசத்துக்கு. ஆனால் அதில் உப்பு இருப்பதை மறந்து ரசத்துக்கு வழக்கமான உப்பைப் போட்டுவிடக் கூடாது.

தண்ணீர் வர இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அலசிய கொத்தமல்லியை ஈரத்தோடு நறுக்குவது. அது துணியில் பரப்பி உலர்ந்திருக்க வேண்டும். இன்னொன்று மழுங்கிய கத்தி. அது தக்காளியை வெட்டாது, நசுக்கும். பல் வைத்த சின்னக் கத்தி இருந்தால் தோல் வழுக்காமல் இறங்கும்.

நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா?

இரண்டும். முக்கால் கிலோ பெங்களூர், கால் கிலோ நாட்டு. பெங்களூர்த் தக்காளிக்குச் சதை தடிமன், விதை குறைவு, துண்டு உடையாது, ஆனால் புளிப்பு போதாது. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் மணமும் இருக்கும், ஆனால் விதை அறை முழுக்கச் சாறு. மெக்சிகோச் சந்தையில் இதற்கு வாங்குவதும் நீள்வாக்கான, கெட்டிச் சதைத் தக்காளிதான். 'ஹிட்டோமாத்தே சலாடெட்' என்று கேட்பார்கள். ஹிட்டோமாத்தே என்ற சொல் மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலின் ஷித்தோமாத்தில் என்பதிலிருந்து வந்தது.

இரண்டு நாள் முன்பே வாங்கி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெளியில் வைத்துப் பழுக்க விடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த தக்காளி பழுப்பதை நிறுத்திவிடும், மணமும் மங்கும். சமைத்தால் அது தெரியாது. சல்சாவில் ஒளிக்க இடமில்லை.

மிக்ஸியில் ஒரு சுற்று விட்டேன். ரோஸ் கலரில் நுரைத்துப் போய்விட்டது.

பிளேடு வேகமாகச் சுற்றும்போது காற்றையும் சேர்த்து அடிக்கிறது. நுண்ணிய குமிழிகள் சிவப்பை வெளுக்க வைக்கின்றன. வெங்காயத்தையும் பூண்டையும் கூடவே போட்டிருந்தால் கசப்பும் ஏறியிருக்கும்.

தூக்கிப் போட வேண்டாம். வாணலியில் 1 மேசைக்கரண்டி எண்ணெயைக் காய வைத்து, அதில் இந்த விழுதை ஊற்றி (தெறிக்கும், மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்) மிதமான தீயில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். நுரை அடங்கி, நிறம் திரும்பும். மெக்சிகோவிலும் அரைத்த சல்சாவை எண்ணெயில் ஊற்றிச் சுண்ட வைக்கும் முறை உண்டு. ஆற வைத்து, மேலே நறுக்கிய வெங்காயம் தூவிப் பரிமாறினால் இது வேறொரு சல்சா என்றே நினைப்பார்கள்.

மிக்ஸிதான் வேண்டும் என்றால் குமிழை இடப்பக்கம் திருப்பி, ஒரு நொடி ஒரு நொடியாக மூன்று முறை. தக்காளி மட்டும். வெங்காயத்துக்குக் கத்தி.

இரவு 7 மணிக்கு விருந்து. காலையிலேயே செய்து வைக்கலாமா?

நறுக்கி வைக்கலாம், கலக்கக் கூடாது. மதியம் கொத்தமல்லியை அலசி உலர்த்துங்கள். 4 மணிக்கு வெங்காயம், மிளகாய் நறுக்கி, மூடி, ஃபிரிட்ஜில். 6 மணிக்குத் தக்காளியை நறுக்கி உப்பு போடுங்கள். 6.25க்குக் கலவை. 6.45க்கு ருசி பார்த்துச் சரி செய்தால் போதும். இரண்டு மணி நேரம் முன்பே கலந்து வைத்தால் உப்பு தன் வேலையை நிறுத்தாது. எலுமிச்சைப் புளிப்பில் கொத்தமல்லியும் கறுத்துப் போகும்.

வெங்காய நெடி எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. சின்ன வெங்காயம் போட்டால்?

இன்னும் மோசமாகும். சின்ன வெங்காயம் வதக்கினால் தேன், பச்சையாகச் சண்டைக்காரன். மெக்சிகோவில் போடுவது வெள்ளைத் தோல் வெங்காயம். நம் சிவப்பு வெங்காயமும் ஒத்துவரும். நறுக்கும்போது உடைந்த செல்களில் உருவாகும் கந்தகச் சேர்மங்கள்தான் நெடிக்குக் காரணம். அவை வெட்டுப் பரப்பில் இருப்பதால் அலசினால் பெரும்பகுதி போய்விடும். பிறகு எலுமிச்சைச் சாற்றில் 10 நிமிடம் ஊறினால் மீதியும் தணியும், நிறமும் பளிச்சென்று ரோஜாவாகும்.

குழந்தைகளும் வருகிறார்கள். விதையை எடுத்துவிட்டால் காரம் போய்விடுமா?

விதையில் காரம் உற்பத்தியாவதில்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில்தான் காரம் தரும் காப்சைசின் சேர்கிறது. மிளகாயை நீளவாக்கில் கீறி, கத்தி முனையால் அந்த நரம்பைச் சுரண்டி எடுங்கள். விதையும் கூடவே வந்துவிடும். ஹலபேனோ என்று சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் தடித்த மிளகாய்க்கு நம் பச்சை மிளகாயைவிடக் காரம் குறைவு. வெளிநாட்டுக் குறிப்பில் 'ஹலபேனோ 3' என்று பார்த்து அதே எண்ணிக்கையில் நம்மூர் மிளகாயைப் போட்டால் சாப்பிட முடியாது.

குழந்தைகளுக்கு மிளகாய் சேர்ப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் தனியே எடுத்து வைப்பது எல்லாவற்றிலும் எளிது. காரம் மிஞ்சிவிட்டால் நறுக்கிய தக்காளியைக் கூட்டுங்கள். சர்க்கரை போட்டால் காரமும் இருக்கும், தித்திப்பும் இருக்கும்.

எலுமிச்சைக்குப் பதில் வினிகர்?

வேண்டாம், ஊறுகாய் வாடை வரும். மெக்சிகோவில் பிழிவதும் நம் எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த சிறு காய்தான். அது ஆசியாவிலிருந்து ஸ்பானியர்கள் மூலம் அங்கே போனது. வெங்காயமும் கொத்தமல்லியும் அப்படியே. தக்காளியும் மிளகாயும் அங்கிருந்து நமக்கு வந்தன. கணக்கு நேர்.

சிலர் கொத்தமல்லி சோப்பு போல இருக்கிறது என்கிறார்கள்.

பிறவியிலேயே சிலருக்கு அப்படித்தான் மணக்கும், இதில் ஒரு வாசனை உணர்விக்கான மரபணுவுக்குப் பங்குண்டு. தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். புதினாவை மாற்றாகப் போடாதீர்கள், சல்சா சட்னியாகிவிடும்.

தக்காளி வெளுப்பாக, ருசியில்லாமல் கிடைத்திருக்கிறது. என்ன செய்ய?

சுட்டுவிடுங்கள். வெறும் கல்லில் எண்ணெயில்லாமல் 500 கிராம் தக்காளியை முழுதாக வைத்து, திருப்பித் திருப்பி 10 முதல் 12 நிமிடம், தோல் ஆங்காங்கே கருகி வெடிக்கும் வரை. அதே கல்லில் மிளகாய் 5 நிமிடம், தோலோடு பூண்டு 3 பல் 6 நிமிடம். பழகிய இரும்பு தோசைக்கல்லை இதற்கு எடுக்காதீர்கள். தக்காளிப் புளிப்பு அதன் எண்ணெய்ப் பழக்கத்தைத் தின்றுவிடும், மறுநாள் தோசை ஒட்டும். பழைய சப்பாத்திக்கல் போதும்.

அந்த ஊரில் 'மோல்காஹெத்தே' என்ற மூன்று கால் எரிமலைக் கல் உரலில் இதை அரைப்பார்கள். நம் அம்மியோ இடிகல்லோ அதே வேலையைச் செய்யும். முதலில் உப்பும் தோலுரித்த பூண்டும், அடுத்து மிளகாய், இவை விழுதான பிறகுதான் தக்காளி. முதலிலேயே தக்காளியைப் போட்டால் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும், பூண்டு பூண்டாகவே நிற்கும். கருகிய தோலில் பாதியை விட்டுவையுங்கள், கறுப்புப் புள்ளிகளில்தான் மணம்.

நாச்சோஸ் (சோளச் சிப்ஸ்) கிடைக்காத ஊர். எதில் தொட்டுக்கொள்வது?

சின்னத் தட்டை நன்றாகத் தாங்கும். வெள்ளரி, கேரட் குச்சிகளும் சரி. அப்பளம் தொட்டவுடன் நமுத்துவிடும். எதுவானாலும் உப்பைச் சரிபார்ப்பது அதில் தொட்டுத்தான். கரண்டியால் ருசி பார்த்துச் சரியாக்கிய சல்சா, உப்பு தூவிய சிப்ஸோடு கரிக்கும்.

மீந்ததைப் பாட்டிலில் அடைத்து வைக்கலாமா?

கூடாது. தக்காளியின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், கூடினால் புளிப்பு குறைவு) 4.3 முதல் 4.9 வரை இருக்கும். பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு எல்லைக்கோடு 4.6, அதற்கு மேல் போனால் அது வளரும். புளிப்பு குறைந்த வெங்காயமும் மிளகாயும் சேர்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். கண்ணளவில் எலுமிச்சை பிழிவது பாதுகாப்பு ஆகாது. மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் 2 நாள், அவ்வளவுதான்.

மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததை எடுத்து வைக்க வேண்டாம். வெயில் நாளில், 32 டிகிரிக்கு மேல், 1 மணி நேரமே அதிகம். சின்னக் கிண்ணத்தில் வைத்து, தீர்ந்ததும் வேறு கிண்ணத்தில் புதிதாக எடுத்து வாருங்கள். பழையதன் மேலேயே கொட்டாதீர்கள். தொடாமல் ஃபிரிட்ஜில் இருந்த சல்சா 1 கப் மீந்தால், மறுநாள் காலை அதை வடித்து, எண்ணெயில் 2 நிமிடம் வதக்கி, 4 முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். மெக்சிகோவில் 'ஊவோஸ் அ லா மெஹிகானா' என்று காலை உணவுக்குச் செய்வதும் இதே சேர்மானம்தான்.